சுவரில் எழுதிய ஆடு

இங்கிலீஷ் பரீட்சையில் மூன்று தடவை ஃபெயில் ஆனவள் நான். மறைக்க என்ன இருக்கிறது, ஊருக்கே தெரியும். தமிழ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் நான்கும் முதல் தடவையே பாஸ். இந்த இங்கிலீஷ் மட்டும் எருமை மாதிரி குறுக்கே படுத்துக்கொண்டு நகர மாட்டேன் என்றது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக நான் சமையல் உதவியாளர். அமைப்பாளராக இருந்த அம்மா ஓய்வு பெற்று மலையை விட்டு இறங்கிப் போய்விட்டார். அந்த இடம் காலி. பத்தாவது பாஸ் ஆகிவிட்டால் அந்த வேலை எனக்குத்தான் என்று பிளாக் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஆகாவிட்டால் கீழேயிருந்து எவளோ ஒருத்தி வருவாள். நான் ஆக்கிய சோற்றை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து உப்பு போதவில்லை என்பாள். அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது. நாலாவது தடவையும் எழுதுவது என்று பணம் கட்டினேன்.

சசிகலா டீச்சர் தானாகவே வந்து மாட்டினாள். கணியம்பாடிப் பெண், வயது இருபத்தாறு. ஜமுனாமரத்தூரில் ரூம் எடுத்துத் தங்கி தினமும் எங்கள் பள்ளிக்கு வந்து போகிறாள். நான் காய் அரிகிற நேரத்தில் எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து என் பழைய விடைத்தாள் நகலைப் பார்த்தாள்.

"நீங்க மார்க்க எங்க வுடறீங்க தெரியுமாக்கா? ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ்ல. அஞ்சு கேள்வி, அஞ்சும் தப்பு. போன வாட்டி நீங்க ஃபெயில் ஆனதே மூணு மார்க்குலதான்."

"அது இன்னான்னே எனக்குப் புரியல டீச்சர். புத்தகத்துல ராமா கில்டு எ ஸ்னேக்னு போட்டிருக்கான். எந்த ராமன், எந்தப் பாம்பு, ஒண்ணியும் தெரியல."

"செரி, உங்களயே வெச்சிச் சொல்றேன். செவ்வந்தி குக்ஸ் ரைஸ். செவ்வந்தி சோறு ஆக்கறா. இது ஆக்டிவ். ரைஸ் இஸ் குக்ட் பை செவ்வந்தி. செவ்வந்தியால சோறு ஆக்கப்படுது. இது பாஸிவ்."

எனக்குச் சுருக்கென்றது. "சோறு முன்னாடி வந்து உக்காந்துகிச்சி. ஆக்குனவ கடைசில நிக்கறாளே."

"சில நேரம் கடைசிலகூட நிக்க வேணாம்கா. பேரயே வுட்டுடலாம். ரைஸ் இஸ் குக்ட். அதுவும் கரெக்டுதான்."

"அப்ப நான் எங்க?"

"நீங்க இல்ல."

கையிலிருந்த கத்தரிக்காயை முறத்தில் போட்டுவிட்டேன். டீச்சர் எழுந்து போய் அலமாரியிலிருந்து சமையல் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். பழைய அமைப்பாளர் அம்மாவின் குண்டு குண்டான எழுத்தில் தேதி வாரியாக ஒரே வரி. 'மதிய உணவு சமைக்கப்பட்டு வழங்கப்பட்டது.' அடுத்த நாளும் அதே வரி. அதற்கு அடுத்த நாளும்.

"இதாங்க்கா பாஸிவ்," என்றாள் டீச்சர்.

நான் பக்கம் பக்கமாகத் திருப்பினேன். காய்ச்சலோடு வந்து ஆக்கிய நாள் இருந்தது. மழையில் விறகு நனைந்து, ஊதி ஊதிக் கண் வீங்கிய நாள் இருந்தது. எல்லா நாளும் சோறு சமைக்கப்பட்டிருந்தது, நான் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருடமாகப் புரியாத பாஸிவ் வாய்ஸ் அந்த நிமிடத்தில் எனக்குப் புரிந்துபோனது.

பரீட்சைக்கு ஐந்து நாள் இருந்தது. பத்து வாக்கியம் எழுதி, பத்தையும் திருப்பிப் போட்டுப் பழகுங்கள், தெரிந்த ஆட்களை வைத்தே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு டீச்சர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை பாத்திரம் கழுவப் போனபோது நோட்டு கையில் இல்லை. சமையல் கூடத்துப் பின் சுவர் புதுசாக வெள்ளையடித்து பளபளவென்று இருந்தது. அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தேன்.

தெரிந்த ஆள் என்றதும் என் கொழுந்தன் சேட்டுதான் ஞாபகத்துக்கு வந்தான். என் வீட்டுக்காரர் பூவரசனின் தம்பி. ஆள் குச்சி மாதிரி இருப்பான், சாப்பாட்டில் உட்கார்ந்தால் சட்டியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் எழுவான். சேட்டு ஏட் த இட்லி. சேட்டு ஏட் த எக். சேட்டு ஏட் த பனானா. ஒன்பது வாக்கியம் ஓடிவிட்டது. பத்தாவதுக்கு யோசித்தேன். போன மாதம் என் வீட்டுக்காரர் சந்தையில் வாங்கியது என்று தேக்கிலையில் கட்டிக் கறி கொண்டு வந்தார். நிறையக் கறி. நான் வைத்த குழம்பை அக்கம்பக்கத்துக்குக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்துவிட்ட பிறகும், சேட்டு நாலு தடவை கேட்டு வாங்கித் தின்றான். அதை நினைத்துக்கொண்டு பெரிய எழுத்தில் எழுதினேன். 'சேட்டு ஏட் த கோட்.' சேட்டு ஆட்டைத் தின்றான். அதன் கீழேயே திருப்பிப் போட்டேன். 'த கோட் வாஸ் ஈட்டன் பை சேட்டு.' பிழையே இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது. மற்ற வரிகளைத் துடைத்துவிட்டு, டீச்சர் வந்து பார்க்கட்டும் என்று அந்த இரண்டை மட்டும் விட்டு வைத்தேன்.

அந்தச் சுவர் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற வழியைப் பார்த்து நிற்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை.

எங்கள் ஊரில் வேடியப்பனுக்கு ஒரு கிடா நேர்ந்து விட்டிருந்தோம். காது அறுத்து அடையாளம் போட்ட கறுப்புக் கிடா. சாமி ஆடு என்பதால் யார் கொல்லையில் மேய்ந்தாலும் விரட்டக்கூடாது. என் அவரைப் பந்தலை இரண்டு தடவை மொட்டையடித்தது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டேன். ஒரு மாதத்துக்கு முன்னால் அது காணாமல் போனது. நரியாக இருக்கும் என்றார்கள், சிறுத்தை என்றார்கள். ஊர்க்கவுண்டர் மாதையன் பெருமூச்சு விட்டு, "ஆடு போச்சி," என்று முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுரேஷ் தண்ணீர் பிடிக்கப் போனான். திருப்பூர் பனியன் கம்பெனியில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்து பெட்டிக்கடை வைத்திருப்பவன். இங்கிலீஷ் தெரியும் என்று சொல்லிக்கொள்வான். சுவரைப் போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு, நேராகக் கவுண்டர் வீட்டுக்குப் போய் மொழிபெயர்த்தும் சொல்லிவிட்டான்.

"சேட்டு ஆட்டத் தின்னான்னு எழுதி இருக்குதுங்க. முன்னாடியிருந்து ஒரு வாட்டி, பின்னாடியிருந்து ஒரு வாட்டி. ரெண்டு வாட்டி எழுதி இருக்கறாங்கன்னா உறுதியாத் தெரிஞ்சிதான் எழுதி இருக்கறாங்க."

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். குற்றம் ஒன்றில் ஒருவன் பெயர் பொதுவில் வந்துவிட்டால் கூட்டம் கூடியே ஆக வேண்டும். கூட்டத்தில் ஒருத்தர் மேல் ஒருத்தர் கை நீட்டி 'இவன்தான்' என்று சொல்லக்கூடாது. கவுண்டர் ஒவ்வொன்றாக 'யார் கை?' என்று கேட்பார். செய்தவர் தானாக எழுந்து 'என் கை' என்று சொல்ல வேண்டும். கை சொன்னவர் எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போகலாம், பொழுது சாய்ந்து தண்டனை கேட்க வந்தால் போதும். எல்லாக் கையும் வருகிற வரைக்கும் மற்றவர்கள் எழுந்திருக்கக் கூடாது.

கவுண்டர் கூட்டத்தை வைத்தது புதன்கிழமை காலை ஏழு மணிக்கு. எனக்குப் பரீட்சை அதே புதன்கிழமை பத்து மணிக்கு, ஜமுனாமரத்தூரில். பஸ் எங்கள் ஊர்ப் பக்கம் வருவது எட்டேகாலுக்கு. அதை விட்டால் அடுத்தது பதினொன்றரைக்குத்தான். கூட்டத்தைத் தள்ளி வையுங்கள் என்று கேட்டேன். சாமி காரியம், அரை மணியில் முடிந்துவிடும் என்றார்.

ஹால் டிக்கெட்டை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, இரண்டு பேனாவோடு புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். மொத்த ஊரும் இருந்தது. சேட்டு தலையைக் குனிந்துகொண்டு மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் என் பக்கமே பார்க்கவில்லை.

"ஏம்மா செவ்வந்தி," என்றார் கவுண்டர். "பேரப் போட்டு எழுதி இருக்கற. ரெண்டு வாட்டி எழுதி இருக்கற."

"மாமா, அது பாடம். ஆக்டிவ் ஒண்ணு, பாஸிவ் ஒண்ணு. ரெண்டும் ஒரே சேதிதான்."

"ஒரே சேதிய எதுக்கு ரெண்டு வாட்டி சொல்லணும்?"

"பரீட்சைல கேக்கறாங்க."

"பரீட்சைல நம்ம சேட்டப் பத்தியா கேக்கறாங்க?"

"ஐயோ மாமா, இட்லிய எழுதுனேன், முட்டய எழுதுனேன், அந்த வரிசைல ஆட்டயும் எழுதுனேன். அது எந்த ஆடும் இல்ல, சும்மா இங்கிலீஷ் ஆடு. எனக்கு எட்டேகாலுக்கு பஸ்சு..."

நான் சொல்லி முடிக்கவில்லை. சேட்டு எழுந்து வந்து கூட்டத்து நடுவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"புடிச்சது என் கைங்க. சோள கொல்லைல மேஞ்சிகினு இருந்துது. காது அறுத்திருந்தத நான் பாக்கலங்க." தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தான். "அண்ணி, உங்களுக்கு எப்டி தெரிஞ்சிது? நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல. அந்தச் சொவுத்துப் பக்கமே நான் போவல."

ஊரே திரும்பி என்னைப் பார்த்தது.

"புடிச்ச கை வந்துடிச்சி," என்றார் கவுண்டர். "அறுத்தது யார் கை?"

என் வீட்டுக்காரர் எழுந்து நின்று வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

"என் கை," என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தேக்கிலை. சந்தையில் வாங்கிய கறி. அந்த மனுஷர் சந்தைக்கே போகாத வாரம் அது. கழுத்தை நெரிக்கலாமா என்று இருந்தது. பதினைந்து வருடக் குடித்தனத்தில் எனக்காக ஒரு முழம் பூ வாங்காதவர் பத்து கிலோ கறி கொண்டு வந்து கொடுத்தபோதே நான் கேட்டிருக்க வேண்டும்.

"ஆக்குனது யார் கை?"

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள், பெண்கள் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து போகிற சாக்கில் என் பக்கத்தில் குனிந்தார்.

"நீ கம்முனு இரு. ஆக்குனது யாருன்னு யாருக்குத் தெரியும்? கறி வெந்துச்சின்னு வுட்டுடுவாங்க."

நானும் அதைத்தான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. கறி ஆக்கப்பட்டது. அவ்வளவுதான். பெயர் வேண்டாம். சத்துணவில் வேலை செய்கிறவள் சாமி ஆட்டைக் குழம்பு வைத்தாள் என்று குரூப்பில் வந்தால் என் மானம் என்ன ஆவது? மறைந்து நிற்க ஒரு இடம் கிடைக்காதா என்று முதல் தடவையாக எனக்கு ஆசை வந்தது. பதிவேட்டில் பன்னிரண்டு வருடமாக என் பெயர் இல்லை என்று கோபப்பட்டவளும் நான்தான், ஐந்து நாளைக்கு முன்னால்.

மணி எட்டு. கீழே மூன்றாவது வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. கை வராமல் கூட்டம் கலையாது. நான் வாயைத் திறக்காவிட்டால் எல்லோரும் சாயங்காலம் வரைக்கும் இங்கேயே உட்கார்ந்திருப்போம். கீழேயிருந்து எவளோ ஒருத்தி வந்து என் சோற்றில் உப்பு பார்ப்பாள்.

எழுந்தேன்.

"என் கை," என்றேன். "தெரியாமதான் ஆக்குனேன். ஆனா ஆக்குனது நான்தான். மொளகு, சீரகம் வறுத்து, தேங்கா அரைச்சி ஊத்தி ஆக்குனேன். சாயங்காலம் வந்து இன்னா தண்டன சொன்னாலும் செய்றேன்."

கவுண்டர் தலையாட்டினார். "கை சொன்னவ போலாம். போய்ட்டு வா. செரி, கடைசி. தின்னது யார் கை?"

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நின்றேன். ஒருத்தர் மேல் கை நீட்டக்கூடாது என்பது வழக்கம். நான் நீட்டவில்லை. ஆக்கியவள் தன் வேலையை முழுசாகச் சொல்ல வேண்டாமா, அதைத்தான் சொன்னேன்.

"மாமா, குடுத்தனுப்புனதும் என் கைதான். அன்னிக்கு இந்தத் தெருவுல பதினெட்டு வூட்டுக்குக் கிண்ணம் போச்சி. உங்க வூட்டுக்குப் பெரிய கிண்ணம். இந்த மாதிரி கொழம்பு நாப்பது வருசத்துல தின்னதில்லன்னு நீங்கதான் சொல்லி வுட்டீங்க. சுரேசு ரெண்டாவது வாட்டி சாறு கேட்டு வந்தான்."

அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

கேள்வித்தாளில் அந்த ஐந்து கேள்வியும் வந்தன. நாலைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். ஐந்தாவதுதான் வம்பு. 'த விண்டோ வாஸ் புரோக்கன்.' ஜன்னல் உடைக்கப்பட்டது. அதை ஆக்டிவ் ஆக்க வேண்டும். உடைத்தவன் பெயரைக் கேள்வி போட்ட ஆள் எழுதவே இல்லை. பெயர் இல்லாவிட்டால் சம்ஒன் என்று போடுங்கள் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்திருந்தாள். எனக்கு மனசு வரவில்லை. யாரோ என்று எழுதி எழுதித்தானே இத்தனையும். 'சேட்டு புரோக் த விண்டோ' என்று எழுதிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தால் புளியமரத்தடியில் கூட்டம் அப்படியே இருந்தது. சேட்டும் என் வீட்டுக்காரரும் கை சொன்னவர்கள், அவர்கள் இருவர் மட்டும் ஆடு மாடு பார்த்துக்கொண்டு சுதந்திரமாகத் திரிந்தார்கள். மிச்ச ஊர் முழுக்கக் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தது. கவுண்டர் முதலில் சொல்லட்டும் என்று ஊர் காத்திருந்தது. ஊர் முதலில் சொல்லட்டும் என்று கவுண்டர் காத்திருந்தார். சுரேஷின் கடை பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் கூட்டத்துக்கே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டியாம்மா," என்றார் கவுண்டர். குரல் கம்மியிருந்தது. "பரீட்ச எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் மாமா."

"பாஸாய்டுவியா?"

"ஆய்டுவேன்."

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"தின்னது என் கை," என்றார். "கொழம்பு நல்லா இருந்துச்சி. அதயும் சொல்லிடறேன்."

பின்னாலேயே பதினேழு வீடும் எழுந்தது. தண்டனை சின்னதுதான். எங்கள் வீட்டிலிருந்து ஒரு கறுப்புக் குட்டியை சாமிக்கு விட வேண்டும். தின்றவர்கள் வீட்டுக்கு ஒரு படி சாமை போட வேண்டும். ஆக்கிய கை அதைப் பொங்க வேண்டும். பொங்கினேன். சேட்டு நாலு தடவை வாங்கித் தின்றான்.

இங்கிலீஷில் நாற்பத்தொன்று எடுத்துப் பாஸானேன். சேட்டு உடைத்த ஜன்னலுக்கு மார்க் விழுந்ததா என்று தெரியவில்லை. ஆறு மாதம் கழித்து அமைப்பாளர் வேலைக்கு ஆர்டர் வந்தது. அதிலும் 'நியமிக்கப்படுகிறார்' என்றுதான் இருந்தது, யார் நியமித்தது என்று தேடிப் பார்த்துவிட்டு பீரோவில் வைத்தேன். என் பழைய இடத்தில் சின்னக்குழந்தை என்று ஒரு பெண் சேர்ந்தாள். வாய் பேசாத பிள்ளை, கை நன்றாகப் பேசும்.

போன வாரம் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். பதிவேட்டைத் திருப்பிக்கொண்டே வந்தவர் என் எழுத்தில் நின்றுவிட்டார். 'மதிய உணவைச் சின்னக்குழந்தை சமைத்தார். செவ்வந்தி ருசி பார்த்தார். எழுபத்திரண்டு பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.' அடுத்த நாள்: 'சின்னக்குழந்தை சமைத்தார். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. போட்டது செவ்வந்தி.'

"இன்னாம்மா இது? உணவு சமைக்கப்பட்டு வழங்கப்பட்டதுன்னு ஒரு வரி எழுதறதுதான வழக்கம்?"

"அது உங்க ஆபீஸ் வழக்கம் சார். எங்க ஊர்ல கை சொல்லணும்."

அவர் கதவோரம் நின்ற சின்னக்குழந்தையைப் பார்த்தார். அவள் தன் பெயர் இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதிகாரி பேனாவை எடுத்து, கோழி கிளறிய மாதிரி ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

நான் அதைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினேன்.

"கீழ பேரயும் எழுதிடுங்க சார்," என்றேன்.